சாவிக்கு ஒரு சுற்று

"நீ வரலேன்னா பதினொண்ணுதான்டா ஆகும்" என்று கைப்பேசியில் கத்தினான் நூரோவா. "பதினொரு பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, மனுவேரா?"

"என்னை என்னண்ணே பண்ணச் சொல்றீங்க? கூட வேலை பாக்கிறவனுக்குக் காய்ச்சல். விமான நிலையத்துல தீயணைப்பு வண்டியில ஆள் இல்லேன்னா ஒரு விமானமும் இறங்காது. வேணும்னா என் இடத்துல வேற ஆளை அனுப்புறேன்."

"இந்த ஊர்ல சைக்கிள் மிதிக்க பன்னிரண்டு பேரைப் பிடிக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு. நீ காலையில ஆறு மணிக்குப் பதிமூணாவது ஆளைப் பிடிச்சிருவியா?"

"என் பொண்டாட்டிக்குச் சொந்தம்ணே. நேத்து ராத்திரிதான் ஆக்லாந்துலேர்ந்து வந்து இறங்கினாங்க. அங்க வேலைக்கே தினம் சைக்கிள்லதான் போவாங்களாம். ஏழு மணிக்குக் கோயில் வாசல்ல நிப்பாங்க. நீங்க கவலைப்படாம இருங்க."

நூரோவா கவலைப்பட்டான். தலைகீழாக நின்ற இரண்டு சைக்கிள்களுக்கு நடுவே, கூடத்துத் தரையில் உட்கார்ந்து, விரல்விட்டு மறுபடியும் எண்ணிப் பார்த்தான்.

"என்ன, ஆள் குறையுதா?" சமையலறையிலிருந்து மனைவி அகாய்தியின் குரல் வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடந்த சக்கரத்தைத் தூக்கிக் கீழே வைத்த பிறகுதான் அவளால் கெட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்க முடிந்தது.

"இல்லை, இல்லை. வேற ஆள் வருது."

"வரட்டும். புதன்கிழமை ஐதுதாகித் தீவுலேர்ந்து எங்க அக்கா வர்றா. குடும்பத்தோட ஏழு பேர். அதுக்குள்ள இந்த வீட்டை விட்டு ஒண்ணு சைக்கிளுங்க போகணும், இல்லே சைக்கிள்காரன் போகணும். எது போனாலும் எனக்குச் சம்மதம். இடம் காலியாகணும், அவ்வளவுதான்."

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பசிபிக் கடலில் உள்ள ராரோதோங்காவில் பக்கத்து வீட்டுக்குப் போவதற்கே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புகிறவர்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட தீவில், மின் நிலையத்தில் இயந்திரம் பார்க்கும் நூரோவாவுக்கு மட்டும் மிதிவண்டிப் பித்துப் பிடித்தது. மனிதன் கண்டுபிடித்த இயந்திரங்களிலேயே, கொடுத்த தெம்பை மிகக் குறைவாக வீணாக்குவது சைக்கிள்தான் என்று அவன் யாரைப் பார்த்தாலும் சொல்வான். கேட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்கள். ஆனாலும் விடாமல், வேண்டாம் என்று தூக்கிப் போட்ட சைக்கிள்களை வீடு வீடாகப் போய் வாங்கிவந்து, ஒன்றின் கைப்பிடியையும் இன்னொன்றின் சக்கரத்தையும் கூட்டிப் பதினான்கு வண்டிகளைத் தேற்றிவிட்டான். வண்டி இருந்ததால் ஒவ்வொருவராக ஆளும் சேர்ந்தது. சேராதது இடம்தான்.

இடம் ஒன்று இருந்தது. ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால், அந்தக் காலத்தில் ஆரஞ்சுப் பழம் பெட்டி கட்டிய கொட்டகை. அதன் சாவி சபை மூப்பர் காவானாவிடம். நூரோவா போய்க் கேட்டபோது மூப்பர் உடனே இல்லை என்று சொல்லவில்லை.

"ரக்பி சங்கமும் கேக்குதுப்பா. அவங்க அறுபது பேர். நீங்க எத்தனை பேர்?"

"பன்னிரண்டு பேர், ஐயா."

"பன்னிரண்டு பேரை நான் இதுவரைக்கும் சேர்ந்தாப்புல பார்த்ததில்லையே. சனிக்கிழமை காலையில கோயில்லேர்ந்து பன்னிரண்டு பேரும் ஒண்ணா கிளம்புங்க. தீவை ஒரு சுத்து சுத்திட்டு ஒண்ணா வந்து இதே படியில நில்லுங்க. பதினொரு மணிக்கு மணி அடிக்குமில்லையா, அதுக்குள்ள. ஒரு ஆள் குறைஞ்சாலும் சாவி ரக்பிக்குத்தான்."

விஷயம் இவ்வளவுதான். முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரே வட்டச் சாலை. கடிகார முள் சுற்றும் பக்கமாகப் போகலாம், இல்லையென்றால் எதிர்ப்பக்கமாகப் போகலாம். பேருந்துகளுக்குக்கூட இங்கே ஊர்ப்பெயர் கிடையாது. அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்றுதான் பலகையில் எழுதியிருக்கும். இந்தச் சாலையில் வழி தவறவே முடியாது என்று நூரோவா நிம்மதியாக இருந்தான்.

ஏழு மணிக்குக் கோயில் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். ரொட்டிக் கடை வைத்திருக்கும் போகோ அக்கா, எல்லார் கழுத்திலும் பூமாலை போட்டுக்கொண்டிருந்தாள். மூப்பர் ஜெபப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். நூரோவாவோடு சேர்த்துப் பதினொன்று.

அப்போது, வளைவிலிருந்து ஒரு மலை வந்தது.

கிட்ட வந்த பிறகுதான் அது ஒரு ஆள் என்று தெரிந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். தேங்காய் மரத்தடி போலக் கால்கள், கதவகலத்துக்குத் தோள்கள். ஏதோ விடுதியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கும், முன்னால் பூக்கூடை வைத்த குட்டி சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். மிதிக்கும்போது முழங்கால் இரண்டும் மாறி மாறிக் காதைத் தொட்டுவிட்டு இறங்கின.

"மூப்பர் காவானாவைப் பார்க்கணும்..." என்று அவன் மூச்சு வாங்கினான்.

"ஆக்லாந்துலேர்ந்து வந்தவரா?" என்றான் நூரோவா.

"ஆமாண்ணே. நேத்து ராத்திரி விமானத்துல. பேரு மொசேசே. நான் எதுக்கு வந்தேன்னா..."

"எல்லாம் தெரியும், தம்பி. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. போகோ அக்கா, மாலை!"

போகோ அக்கா எக்கி எக்கி மாலை போட்டாள். அவன் இன்னொரு வார்த்தை பேச வாயெடுத்தான். மூப்பர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஜெபத்துக்கு நடுவே பேசுகிற பழக்கம் இந்தக் கடலில் எந்தத் தீவிலும் இல்லை. மொசேசேயும் தலையைக் குனிந்துகொண்டான். மூப்பர் சாலைக்காக, சக்கரங்களுக்காக, நாய்கள் துரத்தாமல் இருப்பதற்காக, தனித்தனியாக ஜெபித்தார். பிறகு ஒரு பாட்டு. அதற்குப் பிறகு ஆமென். கடைசியில் கண்ணைத் திறந்து, "எல்லாரும் ஒண்ணா போய் ஒண்ணா வாங்க. தீவைச் சுத்தி வந்தாத்தான் கொட்டகைச் சாவி" என்றார்.

மொசேசே திகைத்துப் போனான். "சுத்தி வந்தாத்தானா?" என்று போகோ அக்காவிடம் மெல்லக் கேட்டான்.

"சுத்தி வந்தாத்தான். மூப்பர் வாக்கு மாற மாட்டாரு."

அவன் சாலையை ஒரு முறை பார்த்தான். தன் முழங்காலை ஒரு முறை பார்த்தான். "சரிங்கக்கா. ஊர் வழக்கம்னா செய்யத்தானே வேணும்" என்றான்.

'நல்ல பையன்' என்று நினைத்துக்கொண்டான் நூரோவா.

கிளம்பி அரைக் கிலோமீட்டர் போவதற்குள் மொசேசே பின்தங்கினான். காரணம் நூரோவாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. சீட்டின் உயரம்தான். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நீளாவிட்டால், மாடிப்படியைக் குந்திக்கொண்டே ஏறுவது மாதிரி. தெம்பில் பாதி தொடையிலேயே தங்கிவிடும். அந்தக் குட்டி வண்டியின் சீட்டை எவ்வளவு உயர்த்தினாலும் மொசேசேயின் கால் நீளாது.

"தம்பி, என் வண்டியை எடுத்துக்குங்க. உயரமான சட்டம்."

"அப்ப உங்களுக்கு?"

"நான் பூக்கூடையில வர்றேன்."

பித்துப் பிடித்தவன் எட்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி அது. பின்சக்கரத்தில் ஏழு பல்சக்கரம், வெண்ணெய் போல கியர் மாறும். மொசேசே அதில் ஏறியதும் கால் நன்றாக நீண்டது. காற்றும் முதுகுப்பக்கம் இருந்ததால் கூட்டம் சிட்டாகப் பறந்தது. சங்கத்துக்கு ஒரே ஒரு விதி: கடைசி ஆளின் வேகம்தான் எல்லாருடைய வேகம், யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. அன்று கடைசி ஆளே பறந்தான். நூரோவா பூக்கூடைக்குப் பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தான்.

மேற்குக் கரையில் சாலை கொஞ்சம் மேடேறும். தீவிலேயே பெரிய மேடு அதுதான்.

"தம்பி! மேடு வருது! இப்பவே கியரை மாத்திருங்க! ஏறும்போது மாத்தாதீங்க!"

மொசேசே திரும்பிப் பார்த்து, "என்னண்ணே?" என்றான். அதற்குள் மேடு வந்துவிட்டது. அவன் பெடலில் எழுந்து நின்று, தன் முழு எடையையும் கொடுத்து, அதே சமயம் கியரையும் தட்டினான்.

இங்கே கியர் எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பின்சக்கரத்தருகே ஒரு சின்ன கை தொங்கும். அது செயினைப் பக்கவாட்டில் தள்ளும். செயின் லேசாக ஓடிக்கொண்டிருந்தால் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தானாகவே ஏறிக்கொள்ளும். இறுகியிருந்தால் ஏறாது. நூற்று முப்பது கிலோ எடையில் இறுகியிருந்தால் ஏறாமல் இருப்பதோடு நிற்காது. அந்தச் சின்னக் கையையும் இழுத்துக்கொண்டு சக்கரத்தின் கம்பிகளுக்குள் போய்விடும்.

போய்விட்டது.

"ஐயோ, உடைச்சுட்டேனா?" மொசேசேயின் முகம் வாடியது.

"இல்லை, இல்லை. பிரிஞ்சிருக்கு" என்றான் நூரோவா, அழாமல்.

கியர் கையைக் கழற்றி எறிந்து, செயினில் எட்டுக் கண்ணியை வெட்டி, ஒரே பல்சக்கரத்தில் மாட்டிவிட்டான். செயின் நேராக ஓடுவதற்கு ஒத்துவந்தது ஒன்றே ஒன்றுதான், எல்லாவற்றிலும் சின்னது. சின்னதில் மாட்டினால் ஒரு மிதிக்கு வண்டி நெடுந்தூரம் போகும், ஆனால் அந்த ஒரு மிதி கல்லை நகர்த்துவது மாதிரி இருக்கும். வேலை முடிந்தபோது எட்டரை மணி. மேட்டில் மொசேசேயும் வண்டியும் நடந்தே ஏறினார்கள்.

"நான் எதுக்கு வந்தேன்னா..." என்று நடக்கும்போது மறுபடி ஆரம்பித்தான் மொசேசே.

"மூச்சை மிச்சம் பிடிங்க, தம்பி. இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கு."

இனி அவனை எப்படி வேகமாகக் கொண்டுபோவது? நூரோவா யோசித்து, கூட்டத்தின் நடுவில் வைத்தான். இரண்டிரண்டு பேராக நெருக்கமாகப் போகும்போது முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துவிடுவார். பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் நெருங்கிப் போனால் பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியாது. அதனால் முன்னால் போகிறவர் குழியைக் கண்டால் கையைத் தாழ்த்திக் காட்டுவார். அடுத்தவர் அதையே தனக்குப் பின்னால் இருப்பவருக்குக் காட்டுவார். கை கையாகச் செய்தி கடைசி ஆள் வரைக்கும் போய்விடும்.

செய்தி மொசேசே வரைக்கும் போனது.

அவனுக்குப் பின்னால் வந்த போகோ அக்காவுக்கும், பள்ளிக்கூட வாத்தியார் தாய்ரிக்கும் அந்த முதுகைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. திடீரென்று மொசேசே பக்தியோடு தலையைக் குனிந்தான். ஏன் குனிகிறான் என்று இருவரும் யோசிப்பதற்குள், டமார், டமார். இரண்டு பஞ்சர்.

"குழி வந்தா கை காட்டக் கூடாதாப்பா?" என்று தாய்ரி வாத்தியார் டயரைப் பார்த்துக் கதறினார்.

"குழியா?" மொசேசே திடுக்கிட்டான். "இந்த ஊர்ல வீட்டு வாசல் எல்லாத்துலயும் பெரியவங்க கல்லறை இருந்துச்சு. எல்லாரும் கையைத் தாழ்த்திக் காட்டவும், பெரியவங்களுக்கு மரியாதை பண்றீங்கன்னு நினைச்சேன். எங்க வீட்டுல கையைக் காட்ட மாட்டோம். தலையைக் குனிவோம்."

போகோ அக்காவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவம், வளர்ப்பு நல்ல வளர்ப்பு. டயர்தான் போச்சு."

பஞ்சர் ஒட்டுவதில் அவசரத்துக்கு இடமில்லை. டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் ஒட்டைப் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் காற்றடித்ததும் வழுக்கிக்கொண்டு போய்விடும். நூரோவா தாய்ரியின் டியூபைக் காயவைத்துக்கொண்டிருந்தபோது போகோ அக்கா தன்னுடையதைத் தானே ஒட்டி, காற்றும் அடித்துவிட்டாள். முந்நூறு மீட்டர் போனதும் ஒட்டு கழன்றது. மறுபடியும் எல்லாரும் நின்றார்கள். யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை.

வடகரையில் நகரத்தை எட்டியபோது ஒன்பதரை. சந்தை வாசலில் போகோ அக்காவின் தங்கைகள் மூன்று பேர் வாழையிலை போட்ட மேசையோடு காத்திருந்தார்கள். தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீன், வறுத்த சேம்பு, பீட்ரூட் சேர்த்த இளஞ்சிவப்பு உருளைக்கிழங்கு சாலட், மலைபோல டோனட்.

"நேரமில்லை! யாரும் இறங்காதீங்க!" என்றான் நூரோவா.

"என் தங்கச்சிங்க நாலு மணிக்கு எழுந்து செஞ்சது. சாப்பிடாம போனா அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் என்னோட பேச மாட்டாளுங்க" என்று போகோ அக்கா இறங்கிவிட்டாள். அவள் இறங்கிய பிறகு விதிப்படி எல்லாரும் இறங்க வேண்டியதாயிற்று.

அப்போது நூரோவாவின் கைப்பேசி அடித்தது. மனுவேரா.

"என்னண்ணே, ஆள் வந்து சேர்ந்தாங்களா?"

"வந்தாச்சு, வந்தாச்சு."

"கொஞ்சம் கூச்ச சுபாவம். பேசவே மாட்டாங்க. பாத்துக்கங்க."

நூரோவா திரும்பிப் பார்த்தான். மொசேசே ஏதோ சொல்ல வாய் திறந்தான். தங்கைகளில் ஒருத்தி அதில் டோனட்டை வைத்தாள். "ஆமாடா, பேச்சு குறைச்சல்தான்."

"சாப்பாடும் கோழி கொறிக்கிற மாதிரிதான். வற்புறுத்திக் குடுங்க."

அது ஏழாவது டோனட். "இன்னைக்குக் கோழிக்கு நல்ல பசி போல" என்றான் நூரோவா. மனுவேரா இன்னும் ஏதோ கேட்டான். பக்கத்தில் விமானம் இறங்கும் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளம்பினார்கள். பதினாறு கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம். முடியும் என்றுதான் தோன்றியது, கிழக்குக் கரை திரும்பும் வரைக்கும்.

திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. தென்கிழக்குக் காற்று, கடலிலிருந்து நேராக. அதுவரை முதுகைத் தள்ளிக்கொண்டு வந்த அதே காற்றுதான். வட்டத்தில் போகிறவனுக்குக் காற்று கொடுத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளும். மொசேசேயின் ஒற்றைக் கியர் அசைய மறுத்தது. அவன் நின்று மிதித்தான், தொங்கி மிதித்தான், உறுமி மிதித்தான். வண்டி நடக்கும் வேகத்தில் ஊர்ந்தது. ஒரு கோழி அவனை முந்திக்கொண்டு சாலையைக் கடந்தது.

"இந்த வேகத்துல போனா பன்னிரண்டரைக்குத்தான் போவோம்" என்றார் தாய்ரி வாத்தியார், கடிகாரத்தைப் பார்த்து. "அவரை இங்கேயே விட்டுட்டு..."

"அப்புறம் பதினொண்ணு" என்றான் நூரோவா. "பதினொண்ணுக்குச் சாவி கிடையாது. இருந்தாலும் விட மாட்டேன்."

"விடுங்கண்ணே" என்றான் மொசேசே. வேர்வையில் மாலையின் பூக்கள் வாடித் தொங்கின. "என்னாலதான் எல்லாருக்கும் கஷ்டம். நான் வேணா மெதுவா வந்து சேர்றேன். சாவி இல்லேன்னாலும் பரவாயில்லை."

"சாவி இல்லேன்னா எனக்கு வீடு இல்லை, தம்பி" என்றான் நூரோவா. "நீங்க முன்னாடி போங்க. நீங்க போற வேகத்துலயே எல்லாரும் வர்றோம்."

பலமுள்ளவனை முன்னால் விடுவதுதான் வழக்கம். இது தோற்றவன் எடுத்த முடிவு. மொசேசே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முன்னால் போனான். நூரோவா பூக்கூடை வண்டியில் அவன் பின்னால் ஒட்டினான்.

காற்று நின்றுவிட்டது.

நூரோவா தலையைப் பக்கவாட்டில் நீட்டிப் பார்த்தான். தொப்பி பறந்தது. உள்ளே இழுத்துக்கொண்டான். அமைதி. அந்த முதுகுக்குப் பின்னால், ஜன்னல் சாத்திய அறைக்குள் இருப்பது மாதிரி, ஒரு இலைகூட ஆடவில்லை.

"போகோ அக்கா! இங்க வாங்க! எல்லாரும் வாங்க! இவரு பின்னாடி ரெண்டு ரெண்டு பேரா ஒட்டிக்குங்க!"

பத்துப் பேரும் வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

"அம்மாடி!" என்றாள் போகோ அக்கா. "மிதிக்கவே வேண்டாம் போலிருக்கே!"

"மிதிக்கணும்!" மின் நிலையத்துக்காரனின் மூளை இப்போதுதான் விழித்தது. "நமக்கெல்லாம் காற்று இல்லை. அதனால தெம்பு மிச்சம் இருக்கு. மிச்சத்தை அவருக்குக் குடுக்கணும். கையை அவர் முதுகுல வெச்சுத் தள்ளுங்க! முன்னாடி இருக்கிற ரெண்டு பேர் தள்ளணும், கை ஓய்ஞ்சா பின்னாடி இருக்கிற ரெண்டு பேர் வரணும்!"

போகோ அக்கா ஒரு தோளிலும், தாய்ரி வாத்தியார் மறு தோளிலும் கையை வைத்து அழுத்தினார்கள். நகர மறுத்த கியர் நகர்ந்தது. ஒரு மிதிக்கு நெடுந்தூரம் போகும் கியர் என்று சொன்னேன் அல்லவா? ஓட ஆரம்பித்துவிட்டால் அதைவிட நல்ல கியர் கிடையாது. பதினைந்து கிலோமீட்டர் வேகம். பதினெட்டு. இருபது. மொசேசே கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கப்பலின் முன்புறத்தில் கட்டிய மரச்சிலை மாதிரி காற்றைக் கிழித்துக்கொண்டு போனான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கைகள் மாறின. எதிரே வந்த பேருந்துக்காரர் வண்டியை ஓரங்கட்டி, வாயைப் பிளந்து பார்த்தார்.

"என்னங்க, ஆளைக் கடத்திட்டுப் போறீங்களா?" என்று கத்தினார்.

"ஆமா!" என்று பதினொரு பேரும் கத்தினார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மொசேசேதான்.

பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டு சைக்கிளும் கோயில் படியில் வந்து சாய்ந்தன. மணிக் கயிற்றைப் பிடித்து நின்ற மூப்பர் காவானா, விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"பன்னிரண்டு. ஒண்ணா வந்திருக்கீங்க" என்றார். "இங்கேயிருந்து பாத்தேன். கடைசி ஆளை முன்னாடி விட்டுத் தள்ளிக்கிட்டு வந்தீங்க. அறுபது பேர் இருந்து என்ன? இப்படி வருவாங்களா?" சட்டைப் பையிலிருந்து துருப்பிடித்த பெரிய சாவியை எடுத்தார். "ரொம்பக் கஷ்டப்பட்டது இந்தப் பிள்ளைதான். இவர் கையில குடுக்கிறேன்."

மொசேசே இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு கால்சட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டத்தில் நின்ற அகாய்தி, தட்டுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கடைசியில் அவளும் தட்டினாள்.

"எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துருவியா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"இப்பவே" என்றான் நூரோவா. ஆனால் அதற்கு முன்னால் மொசேசே அவனைக் கட்டித் தூக்கிவிட்டான்.

"அண்ணே, என் வாழ்நாள்ல இப்படி ஒரு வரவேற்பு எனக்கு யாருமே குடுத்ததில்லை. முட்டி வலி வந்ததிலேர்ந்து ஓடவே முடியலை. சைக்கிள்ல வலியே தெரியலைண்ணே! அந்த உயர வண்டியை எனக்கே குடுப்பீங்களா? அடுத்த சனிக்கிழமையும் வர்றேன். எதிர்ப்பக்கமா சுத்துவோம்."

"உங்களுக்கு இல்லாததா, தம்பி. கியரும் போட்டுத் தர்றேன். கீழ மட்டும் இறக்கி விடுங்க."

அவன் கால் தரையைத் தொட்டபோது, கோயில் கேட்டுக்குள் ஒரு சைக்கிள் நுழைந்தது. ஒல்லியான பெண், தலையில் ரோஜா நிற ஹெல்மெட். கூச்சத்தோடு எல்லாரையும் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கங்க. நான் தியாரே. மனுவேராவோட பொண்டாட்டிக்குச் சொந்தம். பன்னிரண்டாவது ஆளா வரச் சொன்னாரு. நான் தப்பா அடுத்த ஊர்க் கோயில் வாசல்ல நின்னுட்டேன். நீங்கல்லாம் தாண்டிப் போனப்ப கை காட்டினேன். நீங்களும் கை காட்டிட்டுப் போயிட்டீங்க. இப்பதான் அவர் போன்ல சரியான கோயிலைச் சொன்னாரு." கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "இனிமேதானே கிளம்பப் போறீங்க?"

மூப்பர் விரலை நீட்டி மறுபடியும் எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். பதினொரு தலைகளும் மெல்ல மொசேசே பக்கம் திரும்பின.

"தம்பி" என்றான் நூரோவா. "அப்ப நீங்க யாரு?"

அன்று காலையிலிருந்து முதல்முறையாக யாரும் குறுக்கே பேசாததால், மொசேசே சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தான்:

"நான் ரக்பி சங்கத்துக்குப் புதுசா வந்த பயிற்சியாளர்ணே; போய் மூப்பர்கிட்ட கொட்டகைச் சாவியை வாங்கிட்டு வான்னு காலையில அனுப்பினாங்க, அதுக்குத் தீவையே சுத்தணும்னு மட்டும் ஒருத்தரும் சொல்லலை."